ஈரம் போக எடை

பெயர் சிவனணைந்தபெருமாள். வயது ஏழு மாதம். சித்திரை முதல் திங்கட்கிழமை காலையில் எடை நான்கு கிலோ அறுநூற்றுப் பத்து கிராம். பிள்ளையை விடப் பெயர் கனம் என்று தருவைகுளத்தில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் கடைக்கு வந்ததும் முதலில் தொட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் சீனி கேட்பார்கள், சோப்பு கேட்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பிள்ளையை அழவிடக் கூடாது என்பது ஊருக்கே தெரியும்.

பிள்ளையின் இதயத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை. பிறந்த பத்தாம் நாள் தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து அடைத்துவிடுவார்கள், ஆனால் அதற்குப் பிள்ளை ஐந்து கிலோ வர வேண்டும் என்று தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏழு மாதத்துப் பிள்ளைகள் ஏழு கிலோ, எட்டு கிலோ என்று தாய்மாரின் இடுப்பை ஒடிக்கிற ஊரில், இந்த வீட்டில் மட்டும் ஐந்து கிலோ என்பது கன்னியாகுமரிக்கு நடந்தே போகிற மாதிரித் தூரமாக இருந்தது. மற்ற பிள்ளைகளுக்குப் பால் குடிப்பது சுகம். இவனுக்கு அது கூலி வேலை. நாலு மடக்குக் குடித்தால் நெற்றியில் வியர்த்துவிடும். பத்து நிமிடம் தோளில் போட்டு ஆற்றி, மறுபடி கொடுக்க வேண்டும்.

அம்மா வேல்விழிக்கு இருபத்தொரு வயது. தூத்துக்குடியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். சொந்த ஊர் எட்டயபுரம். இரண்டாம் வருடம் படிக்கும்போதே கல்யாணம். படிப்பை முடிக்க விடுவேன் என்று மாப்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இப்படிச் சொல்கிற மாப்பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் விடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இசக்கிராஜா விட்டான். அதை அவன் கணக்கில் எழுதியே ஆக வேண்டும், பின்னால் நடந்தது எதுவானாலும்.

இசக்கிராஜாவின் பலசரக்குக் கடை பஸ் நிற்கிற இடத்திலேயே இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பா இருந்த காலத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்காகவே ஆட்கள் வருவார்கள். இப்போது கருப்பட்டியோடு எல்லாம் உண்டு. கருவாடு போடுகிற பெண்களுக்கு உப்பு மூட்டையும் இவன்தான் கொடுத்தான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து இருந்து, பிள்ளையைப் பார்த்து, பயந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகவே பகலெல்லாம் பிள்ளை அப்பனிடம்தான். தொட்டிலைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற நடையில் கட்டி, அதன் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டியிருந்தான். கை பருப்பை நிறுக்கும், கால் தொட்டிலை ஆட்டும். வேல்விழி எடுத்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் குளிர்பெட்டியில் கலர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தூக்கில் இருக்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை எடுத்து, வெந்நீரில் வைத்து, கைமேல் சொட்டு விட்டுப் பார்த்து, அவனே கொடுப்பான். பெண்பிள்ளை தோற்றாள் என்று கருவாட்டுக்காரப் பெண்கள் சொல்லுவார்கள்.

மருந்து மூன்று வகை. அதில் ஒன்று நீர் இறக்குகிற சொட்டு மருந்து. ஓட்டை இதயம் இறைக்கிற இறைப்பில் பிள்ளையின் உடம்பில் நீர் தங்கிவிடும், நுரையீரலிலும் ஏறும். அதை மூத்திரமாக வெளியேற்றத்தான் அந்த மருந்து. காலை ஆறு மணிக்கு அரை மில்லி வேல்விழி கொடுப்பாள். மதியம் இரண்டு மணிக்கு அரை மில்லி இசக்கிராஜா கொடுப்பான்.

விடிந்ததும் பால் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையை நிறுக்க வேண்டும். கடைத் தராசிலேதான். ஷட்டரைப் பாதி இறக்கி, யாருடைய கண்ணும் படாமல், தட்டில் துவைத்த துண்டை விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு பிள்ளையை வைப்பான். பிள்ளை காலை உதைக்கும். சிவப்பு எண்கள் ஓடும். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். எண் நின்றதும் வேல்விழி அதைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதுவாள். ஒரு நாளைக்குப் பத்து கிராம் கூடினால் அன்றைக்கு அந்த வீட்டில் தோசைக்கு இரண்டு சட்னி.

அந்த வாரம் அதிசயமாக இருந்தது. செவ்வாய் காலை நாலு அறுநூற்று ஐம்பது. புதன், நாலு எழுநூற்றுப் பத்து. வேல்விழி எண்ணை இன்னொரு தடவை படித்தாள். தராசு சரிதானா என்று கேட்டாள். இசக்கிராஜா ஒரு கிலோ படிக்கல்லை எடுத்து வைத்துக் காட்டினான். ஆயிரம் என்று நின்றது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மாசக் கடைசிக்குள்ள அஞ்சு வந்துரும், பாரு” என்றான். “நீ பரீட்சைய எழுது. மீதிய நான் பாத்துக்கிடுதேன்.”

பரீட்சை என்றால் செய்முறைத் தேர்வு. வெள்ளிக்கிழமை காலை பத்து முதல் மாலை நாலு வரை. அதற்குப் போகாமல் விட்டால் அடுத்த சித்திரையில்தான் மறுபடி எழுத முடியும். நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போன பெண்ணை வேல்விழி கேள்விப்பட்டதே இல்லை. இது போனால் படிப்பு போனதுதான் என்று அவள் முடிவாகவே நினைத்தாள். அதனால் அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கே கிளம்பினாள். காலை மருந்தையும் இசக்கிராஜாவிடமே ஒப்படைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கோடை மழை பெய்தது. அரைமணி நேரம்தான், ஆனால் உப்பளக்காரர்களின் வயிற்றில் அடிக்க அது போதும். வியாழன் விடியும்போதே உப்புத் தரகர் சொரிமுத்து வேனில் மூட்டைகளோடு வந்து கடை முன்னால் நின்றார். வேல்விழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இசக்கிராஜா ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, உள்ளே முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளினான். அதை இறுக்கிப் பிடித்தான். பிறகு கையை விரித்துக் காட்டினான். உப்பு கொழுக்கட்டையாக நின்றது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

“அண்ணாச்சி, இது உப்பா, தண்ணியா?” என்றான்.

“மழை பெஞ்சா ஈரம் இருக்கத்தான செய்யும், தம்பி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்.”

“ரெண்டு நாள் வெயில்ல கெடக்கட்டும். ஈரம் போவட்டும். பொறவு கொண்டாங்க, எடை போட்டு எடுத்துக்கிடுதேன். ஈர உப்ப நான் தராசுல ஏத்த மாட்டேன். எங்கப்பாவும் ஏத்துனதில்ல.”

சொரிமுத்து முனகிக்கொண்டே வேனைத் திருப்பினார். நியாயமான மனுஷன் நம் ஆள் என்று வேல்விழிக்குப் பெருமையாக இருந்தது. அன்று பிள்ளையின் எடை நாலு எழுநூற்றுத் தொண்ணூறு.

வெள்ளிக்கிழமை காலை நாலு எண்ணூற்று எண்பது. பிள்ளை தட்டில் அதிகம் உதைக்கவில்லை. எண் சட்டென்று நின்றது. அரைஞாண் கயிறு இடுப்பில் லேசாகப் பதிந்திருந்ததைப் பார்த்து, புதுக் கயிறு வாங்க வேண்டும் என்று வேல்விழி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். கொல்லையில் கொடியில் இரண்டே துணிதான் காய்ந்தது. எப்போதும் பத்துப் பதினைந்து கிடக்கும். துவைக்க வேலை மிச்சம் என்றுதான் அதற்கும் தோன்றியது. வேண்டும் வேண்டும் என்று ஏங்கிய எண் வந்து நிற்கும்போது அதைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்.

பஸ்ஸில் ஜெபிஷா இடம் போட்டு வைத்திருந்தாள். அதே ஊர், அதே வகுப்பு. அவளுடைய அப்பா மரியான் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகெல்லாம் கரையேறிவிட்டதால், ஆட்டோவும் மரியானும் ஒரு வாரமாக இசக்கிராஜா கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் கிடந்தார்கள். எடையைக் கேட்டதும் ஜெபிஷா மாதா படத்தைத் தொட்டு முத்தி, மதுரைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். உப்பளங்களில் அந்நேரமே ஆட்கள் இறங்கியிருந்தார்கள். மழைத் தண்ணீரை வெளியேற்ற வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வில் வேல்விழிக்கு வந்தது எடையறி பகுப்பாய்வு. கொடுத்த கரைசலில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை மஞ்சள் வீழ்படிவாக இறக்கி, சின்னக் கண்ணாடி மூசையில் வடிகட்டி, ஓவனில் வைத்துக் காயவைத்து, ஆற்றி, நிறுக்க வேண்டும். மறுபடி ஓவனில் வைத்து, மறுபடி ஆற்றி, மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டு எடையும் ஒன்றாக வருகிற வரை இதே வேலைதான். அவளுக்குப் பிடித்த சோதனை அது. வீட்டில் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. இங்கே எண்ணைக் கண்டு பயம் கிடையாது.

இரண்டு மணிக்கு முதல் எடை எடுத்தாள். இரண்டரைக்கு இரண்டாவது எடை. கொஞ்சம் குறைந்திருந்தது. மறுபடி ஓவனுக்குக் கொண்டுபோகும்போது வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிறுத்தினார். தலை நரைத்த, கண்டிப்பான மனுஷர். பக்கத்தில் அவர்கள் கல்லூரி ஆசிரியை முத்துச்செல்வி நின்றிருந்தார்.

“ரெண்டு தடவை வெயிட் எடுத்தாச்சே. மறுபடி எதுக்கும்மா ஓவன்?”

“குறைஞ்சிருக்கு சார். கான்ஸ்டன்டா வரணும். ஈரம் இருக்கிற வரைக்கும் எடை கூடத்தான் காட்டும். அது பொருளோட எடை இல்ல சார், தண்ணியோட எடை.”

“குட்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

வேல்விழி நகரவில்லை. கையில் இடுக்கி, இடுக்கியில் மூசை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தன் காதில் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. நேற்று முழுக்கப் பிள்ளை வேளைக்கு நாற்பது மில்லி கூடக் குடிக்கவில்லை. ஒழுங்காக அறுபது குடித்த நாளிலேயே பத்து கிராம்தான் கூடும். நாற்பது குடித்தவன் தொண்ணூறு கிராம் எப்படிக் கூடுவான். தை மாதம் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தாளில் பன்னிரண்டு விஷயம் எழுதிக் கொடுத்திருந்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ, எடை திடீரென்று கூடினால் உடனே வரவும் என்று இருந்தது. குறைந்தால் வரவும் என்பதை மட்டும் அவர்கள் மனதில் பதித்து வைத்திருந்தார்கள். அரைஞாண் கயிறு. உதைக்காத கால். கொடியில் இரண்டே துணி.

மூசையை உலர்கலத்துக்குள், அதாவது ஈரம் புகாத கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து மூடினாள். நேரே முத்துச்செல்வி மேடத்திடம் போய், பிள்ளைக்குச் சரியில்லை, போக வேண்டும் என்றாள். போன் ஏதும் வந்ததா என்று மேடம் கேட்டார். வரவில்லை, எனக்குத் தெரியும் என்றாள். தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு எடைதான், ஒரு மணி நேரம், முடித்துவிட்டுப் போ, இப்படிப் போனால் ரிசல்ட் போட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வேல்விழி இரண்டு கையையும் கூப்பினாள், வெள்ளைக் கோட்டோடு வெளியே ஓடினாள்.

பைகள் வராந்தாவில் குவிந்து கிடந்தன. தன் பையைத் தேடி எடுத்துப் போன் போட்டாள். இசக்கிராஜா சந்தோஷமாகத்தான் எடுத்தான். பரீட்சை முடிந்துவிட்டதா என்று கேட்டான்.

“பிள்ளை என்ன செய்யுதான்?”

“தூங்குதான். நல்ல தூக்கம். பதினோரு மணிப் பாலுக்கு முழிக்கவே இல்லன்னா பாத்துக்கோ.”

“மூச்சு எப்படி வாங்குதான்?”

“கொஞ்சம் வேகமாத்தான் வாங்குதான். வெக்கை.”

“காலைலேருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?”

கடையில் யாரோ துவரம்பருப்பு அரைக்கிலோ கேட்கிற சத்தம் கேட்டது.

“நான் கேக்கது காதுல விழுதா? மருந்து குடுத்தீயளா, இல்லையா?”

“ஏளா, நீ பரீட்சைய முடி. வந்து பேசுவோம்.”

“குடுத்தீயளா?”

குரல் அடியிலிருந்து வந்தது.

“குடுக்கல, வேலு. திங்கக்கெழமைலேருந்து மத்தியான மருந்து குடுக்கல. நேத்தும் இன்னைக்கும் காலைலயும் குடுக்கல. முந்துன வாரம் ஒரு நாள் மருந்துக்கு முன்னால ஒருக்க எடை போட்டுப் பாத்தேன், பொறவு ஒருக்கப் போட்டுப் பாத்தேன். ரெண்டு மணி நேரத்துல அறுவது கிராம் போயிருச்சு. நாம உயிர விட்டு ஏத்துததெல்லாம் அந்தச் சொட்டு மருந்து எறக்கிருது. அஞ்சு கிலோ வாரது வரைக்கும் நிறுத்துவோம், தேதி வாங்குன பொறவு குடுத்துக்கிடலாம்னு நெனச்சேன். நிறுத்துனேன், ஏறிருச்சுல்லா. நீயே எழுதுனியே.”

வேல்விழி சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே புல்வெளியில் தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“நேத்து சொரிமுத்து அண்ணாச்சி கொண்டாந்த உப்ப ஏன் எடை போடல?” என்றாள்.

“அது என்னத்துக்கு இப்பம்?”

“சொல்லுங்க. ஏன் போடல?”

“ஈரம்லா.”

போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தராசுத் தட்டில் எதுவோ விழுந்து உருளுகிற சத்தம், தொட்டில் கயிறு அறுபடுகிற சத்தம், “மரியான் அண்ணாச்சி, வண்டிய எடுங்க” என்று அவன் கத்துகிற சத்தம். அந்தக் கடையில் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒருவன் கத்தியது அன்றைக்குத்தான். பிள்ளை அதற்கும் முழிக்கவில்லை என்று பருப்பு வாங்க வந்த பெண் பிறகு சொன்னாள்.

பெரியாஸ்பத்திரி வாசலில் வேல்விழி மூன்று மணிக்கு வந்து நின்றாள். கோட்டைக் கழற்றத் தோன்றவில்லை. யாரோ ஒரு கிழவர் அவளை நர்ஸ் என்று நினைத்து எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். தருவைகுளத்திலிருந்து அரைமணி, அதிகம் போனால் நாற்பது நிமிடம். மூன்றே கால், மூன்றரை. போன் அடித்தால் மரியான் எடுத்தார். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். கடவுளே, சுவாமியே என்று அவள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இசக்கிராஜாவை மனதுக்குள் என்னென்னவோ சொன்னாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னாள். பரீட்சைக்கென்று மருந்தை ஒப்படைத்துவிட்டுப் போன தன்னையும் அதே வார்த்தையால் சொன்னாள். படிக்கப் போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிற எண்ணம் வந்தது. அது வந்தபோதுதான் முதன்முதலாக அழுதாள்.

மூன்று நாற்பத்தைந்துக்கு மீன் வாடையோடு லோடு ஆட்டோ வந்து நின்றது. முன் சீட்டில் இசக்கிராஜா பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தான். காதில் கடைப் பென்சில் அப்படியே இருந்தது. பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே டாக்டரம்மா குழலை வைத்து நெஞ்சிலும் முதுகிலும் கேட்டார். ஈரலைத் தொட்டுப் பார்த்தார். கால் பாதத்தை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது, மெதுவாகத்தான் எழும்பியது. மருந்து எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். வேல்விழி வாயைத் திறப்பதற்குள் இசக்கிராஜா முன்னால் வந்தான்.

“நான்தான் குடுக்கல டாக்டர். எடை ஏறணும்னு நிறுத்துனேன். அவளுக்குத் தெரியாது.”

அவன் மழுப்புவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். டாக்டரம்மா ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார். திட்டவில்லை. நர்ஸிடம் ஊசிக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டே சொன்னார்.

“இது சதை இல்ல தம்பி, தண்ணி. நாளைக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேச வேண்டி இருந்திருக்கும்.”

ஊசி போட்ட பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. வேல்விழி பிள்ளைக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. மறுபடி தொட்டாள். இசக்கிராஜா கட்டிலின் கால்மாட்டில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலே முக்காலுக்குக் கை நனைந்தது. நனைந்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இருட்டுவதற்குள் எட்டுத் துணி நனைந்தது. உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது.

சனிக்கிழமை காலையில் வார்டுத் தராசில் பிள்ளையை வைத்தார்கள். எண் ஓடியது. இறங்க இறங்க இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். நாலு ஐந்நூற்று எழுபது. திங்கட்கிழமையை விடவும் நாற்பது கிராம் குறைவு. ஐந்து கிலோ மறுபடி தூரத்துக்குப் போய்விட்டது. நர்ஸ் எண்ணைச் சொன்னதும் வியாபாரி வீட்டில் பிறந்து வளர்ந்த அந்த மனுஷன், எடை குறைந்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

நேற்றிலிருந்து வேல்விழி அவனிடம் பேசவில்லை. துணி எடுங்க, தண்ணி கொண்டாங்க என்பதோடு சரி. அவன்தான் பேசினான். கட்டிலின் மறுபக்கம் நின்று, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“டாக்டரு ஆயிரம் சொல்லுதாங்க. எனக்கு அதுல பாதி புரியாது. அஞ்சு கிலோன்னு சொன்னது மட்டும் புரிஞ்சிது. அது நம்ம சோலிதான, நாம பாத்துக்கிடலாம்னு நெனச்சிட்டேன். எடை போடத்தானே எனக்குத் தெரியும். பகல் பூரா கால்ல கயிறக் கட்டிக்கிட்டு இருக்கேன் வேலு. அவன் ஒவ்வொரு மூச்சா எண்ணுதேன். எப்பம் அஞ்சு வரும், எப்பம் அஞ்சு வரும்னு ஒரு வெறி. உங்கிட்டச் சொன்னா நீ வேண்டாம்பன்னு தெரியும். அதான் சொல்லல. அது மருந்த நிறுத்துனதவிடப் பெரிய தப்பு.”

அவள் பிள்ளையின் துணியை மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கினாள்.

எட்டு மணிக்கு ஜெபிஷா, வேல்விழி விட்டுவிட்டுப் போன ஹால்டிக்கெட்டோடு வந்தாள். நேற்று வேல்விழி போன பிறகு தேர்வாளர் அவள் மேசைக்குப் போய், குறிப்பேட்டில் இரண்டு எடைகளையும் பார்த்திருக்கிறார். முத்துச்செல்வி மேடம் ஏதோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். உலர்கலத்தின் மூடிமேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, இன்றைக்கு இரண்டாவது குழுவுக்கும் நான்தான் வருகிறேன், அந்தப் பெண் ஒன்பதரைக்கு வந்தால் மீதியை முடிக்கட்டும், வராவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றாராம். சொல்லிவிட்டு ஜெபிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீ போ என்று சொல்ல இசக்கிராஜாவுக்கு நேற்று வரை உரிமை இருந்தது. இன்றைக்கு இல்லை என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. நான் போகவில்லை என்று சொல்லத்தான் வேல்விழி நினைத்தாள். வார்டில் நர்ஸ் இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், ஆபத்து தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கால் எழவில்லை. இப்போது இவரிடம் விட்டுப் போகாவிட்டால், இனி எப்போதுமே விட்டுப் போக முடியாது என்று தோன்றியது. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

மருந்து உறிஞ்சுகுழலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அரை மில்லி அளந்து காட்டச் சொன்னாள். அவன் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோடு வரை வருகிறதா என்று பார்த்தான். அவளிடமும் காட்டினான். அவள் தலையாட்டினாள்.

“ரெண்டு மணிக்கு” என்றாள். “நான் வரலன்னாலும் ரெண்டு மணிக்கு. ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு நனைச்சான்னு எனக்குத் தெரியணும்.”

“சரி” என்றான்.

கல்லூரியில் மேடம் மூடித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். மூசையை ஓவனில் வைத்து, எடுத்து, ஆற்றி நிறுத்தாள். மறுபடியும் செய்தாள். இரண்டு எடையும் ஒன்றாக வந்தன. ஆற்றுகிற நேரமெல்லாம் வராந்தாவுக்குப் போய்ப் போனைப் பார்த்துவிட்டு வந்தாள். அழைப்பு எதுவும் இல்லை. அழைப்பு இல்லாதது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. கணக்கிட்டு எழுதிக் கொடுத்ததும் தேர்வாளர் விடையைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை சார் என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வார்டுக்குள் நுழையும்போது மணி இரண்டே கால். ஜன்னல் கம்பியிலிருந்து கட்டிலின் தலைமாட்டு வரை சாக்குச் சணலைக் கொடியாகக் கட்டி, பிள்ளையின் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். எந்தக் கடைக்காரன் சட்டைப் பையிலும் ஒரு சுருள் சணல் இருக்கும். நாற்றம் தாங்கவில்லை, அலசப் போட வேண்டும் என்று நர்ஸ் இரண்டு தடவை சத்தம் போட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரி வந்து பார்க்கட்டும், அதுவரை எடுக்க விடமாட்டேன் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் கடைப் பென்சிலால் மணி எழுதியிருந்தது. ஒன்பது ஐந்து. ஒன்பது ஐம்பது. பத்து நாற்பது. மூட்டையில் குறி போடுகிற அதே எழுத்து. பிள்ளை ஆக்சிஜன் குழாயோடு அவன் மடியில் முழித்துக் கிடந்தான். காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

“மருந்து ரெண்டுக்குக் குடுத்தாச்சு” என்றான் இசக்கிராஜா. அவள் முகத்தைப் பார்க்காமல், துணிகளைக் காட்டினான். “எண்ணிக்கோ.”

எண்ணாமல் விட்டிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எண்ணினாள். முதல் துணியிலிருந்து ஒவ்வொன்றாக, எழுதியிருந்த மணியை வாசித்துக்கொண்டே போனாள். ஏழு இருந்தன. கடைசித் துணியில் இரண்டு பத்து என்று எழுதியிருந்தது. நேற்று முன்தினம் அவன் உப்பை அள்ளிப் பிடித்த மாதிரியே, அந்தத் துணியின் ஓரத்தை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிப் பிழிந்தாள். விரலிடுக்கில் கசிந்து, முழங்கை வரை வழிந்தது.

கையைத் துடைத்துக்கொள்ளாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நேத்துலேருந்து ஏதாவது சாப்பிட்டீயளா?” என்று கேட்டாள்.